தோண்டுவதற்கு முன் ஒரு பலகை: புளியந்தீவிலிருந்து ஒரு திறந்த மடல்

எங்கள் நகரின் வீதிகளுக்கும் வடிகான்களுக்கும் பொறுப்பாயுள்ள அதிகாரிகளுக்கு,

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி அவர்களே,

மட்டக்களப்பு நகரின் தீவுப் பகுதியான புளியந்தீவில் எங்கள் ஒழுங்கையில் நடந்துவரும் வடிகான் வேலை தொடர்பாக அயலவர்கள் கையொப்பமிட்டுக் கையளித்த கடிதம் உங்கள் அலுவலகக் கோவையில் இருக்கின்றது. அதைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்திய பிரதி எங்களிடம் இருக்கின்றது. ஆகையால் நடந்தவற்றை ஆதியிலிருந்து விவரித்து உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. வடிகான் வேண்டாமென்று எங்களில் எவரும் சொல்லவில்லை என்பதை மட்டும் மறுபடியும் பதிவு செய்கிறேன். மாரி பிறந்தால் தண்ணீர் எந்தப் பக்கத்தால் படலைக்குள் வரும் என்று கணக்கு வைத்திருப்பவர்கள் நாங்கள்; 2011 சனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு வடிகானின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நாங்கள் கேட்டது ஒன்றேயொன்றுதான். வீதியில் கைவைப்பதற்கு ஒரு கிழமைக்கு முன்னராவது, ஒழுங்கையின் முகப்பில், தமிழில் எழுதிய ஓர் அறிவித்தல் பலகையை நாட்டுங்கள். என்ன வேலை, எப்போது தொடங்கும், எப்போது முடியும், செய்பவர் யார், அவசரத்துக்கு எவரை அழைப்பது என்ற ஐந்து வரிகள் அதில் இருந்தால் போதும்.

அந்த ஐந்து வரிகள் இல்லாததால் நேர்ந்ததை எங்கள் கடிதத்தில் சுருக்கமாகவே குறிப்பிட்டிருந்தோம். சுருக்கமாக எழுதியது போதவில்லை போலும். ஆகவே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர் ஓர் இரவில் காலமானார். விடிவதற்குள் பிள்ளைகள் அச்சகத்துக்குச் சொல்லிவிட்டார்கள். வெயில் ஏறுமுன்னர் கறுப்புக் கரையிட்ட மரண அறிவித்தல் சந்தி மின்கம்பத்திலும் சந்தை மதிலிலும் ஒட்டப்பட்டிருந்தது. ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கர வண்டியொன்று கோட்டைமுனைப் பக்கம்வரை சென்று, மறுநாள் பிற்பகல் கிரியைகள் முடிந்து கள்ளியங்காட்டு மயானத்துக்குப் பூதவுடல் எடுத்துச் செல்லப்படும் என்று அறிவித்தது. அழுதுகொண்டிருந்த ஒரு குடும்பம், கையிலிருந்த சொற்பக் காசில், அரை நாளுக்குள் ஊர் முழுவதற்கும் செய்தி சொல்லி முடித்தது.

மறுநாள் காலை மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்தது. பத்து மணிக்குள் ஒழுங்கை குறுக்கே பிளக்கப்பட்டுவிட்டது. மரண வீடு என்று ஓடிப்போய்ச் சொன்னபோது இயந்திரத்தை ஓட்டிவந்தவர் உடனே நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இந்த இடத்தில் வேலையென்று தமக்கே அன்று காலையில்தான் சொன்னார்கள் என்றார். அவர்மீது எங்களுக்குக் குறையில்லை. குழியை மூடிவிட முடியுமா என்று மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் கேட்பதற்கு அவரே முயன்றார். அழைப்பு எடுக்கப்படவில்லை.

பிரேத ஊர்தி சந்தியோடு நின்றுவிட்டது. முதல்நாள் பெய்த மழையில் குழியின் விளிம்பு நெகிழ்ந்து சரிந்துகொண்டிருந்தது. இளைஞர்கள் அயல்வீட்டுப் பலகைகளைக் கொண்டுவந்து குழியின் மேல் அடுக்கி, பெட்டியைத் தோளிலிருந்து இறக்கி, இந்தக் கரையில் நால்வரும் அந்தக் கரையில் நால்வருமாக நின்று கைமாற்றிக் கொடுத்தார்கள். ஒருவருடைய கால் முழங்கால் வரை சேற்றுக்குள் போனது. பெட்டி ஒரு பக்கம் சரிந்து மீண்டது. எங்கள் வழக்கப்படி பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. சந்திவரை நடந்து சென்று அங்கே நின்று அழுது வழியனுப்புவார்கள். அன்று அவர்களால் அந்தப் பலகைகளைக் கடக்க முடியவில்லை. பொல்லூன்றி நடக்கும் அம்மூதாட்டியின் கணவராலும் முடியவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கூட வாழ்ந்தவரை, வடிகானுக்கு வெட்டிய குழியின் கரையில் கதிரை போட்டு இருந்துகொண்டு அவர் வழியனுப்பினார். மரண அறிவித்தல் ஒட்டியிருந்த அதே மின்கம்பத்தில் உங்கள் அறிவித்தலும் ஒன்று ஒட்டப்பட்டிருந்தால், அந்தக் குடும்பம் நேரத்தை மாற்றியிருக்கும், அல்லது உங்கள் ஆட்கள் நாளை மாற்றியிருப்பார்கள். இதில் எதற்கும் பணம் தேவைப்பட்டிருக்காது.

இதற்குப் பிறகு அலுவலகத்தில் எங்களுக்குக் கிடைத்த பதில், வேலை பற்றிய தகவல் முகநூலில் வெளியிடப்பட்டிருந்தது என்பதாகும். முகநூலில் தேடினோம், ஒரு வடிகான் திட்டத்தின் தொடக்க வைபவப் படங்கள் இருந்தன, மாலைகள் இருந்தன, எங்கள் ஒழுங்கையின் பெயர் இருக்கவில்லை. இருந்திருந்தாலும், எங்கள் வரிசையில் தனித்திருக்கும் முதியவர்கள் பலர் கைப்பேசியை வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுடன் பேசுவதற்கு மட்டுமே எடுப்பவர்கள். அவர்கள் வாசிக்கக்கூடியது சந்தியிலுள்ள மின்கம்பத்தை.

இனி இரண்டாவது விடயம். இது மரண வீட்டைப் போல மனத்தை உலுக்காது. ஆயினும் இதையும் சொல்லாமல் விட முடியாது. நீங்கள் தோண்டுவது வெறும் மண்ணையல்ல. வாவியால் சூழப்பட்ட இச்சிறு தீவில்தான் போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டினார்கள். பத்தாண்டுகள் கழித்து, 1638இல், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனுடன் கூட்டுச் சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தரிடம் வீழ்ந்த முதற்கோட்டை அதுவே. 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். கச்சேரி என்னும் மாவட்டச் செயலகம் நெடுங்காலம் அந்தக் கோட்டை மதிலுக்குள்ளேயே இயங்கியதால், காணி உறுதிக்கும் ஓய்வூதியத்துக்கும் அலைந்த எங்கள் பெற்றோர் எல்லாரும் அந்த வாசலைத் தாண்டியவர்களே. 1814இல் வந்து ஓராண்டு நிறையுமுன்னரே இவ்வூரில் உயிர்நீத்த வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்று மெதடிஸ்த மத்திய கல்லூரியாகவும், 1873இல் தோன்றியது புனித மிக்கேல் கல்லூரியாகவும் இங்கேயே நிற்கின்றன. விபுலாநந்த அடிகள் இளமையில் படித்ததும் புனித மிக்கேல் கல்லூரியில்தான். இவற்றுக்கிடையே, ஆனைப்பந்திப் பிள்ளையார் கோயிலுக்கும் மரியாள் பேராலயத்துக்கும் போகிற வழிகளில், எங்கள் ஒழுங்கைகள் இருக்கின்றன. 1978 நவம்பர் சூறாவளியில் கூரைகளும் மரங்களும் பழைய வீடுகளும் போயின. மண்ணுக்குக் கீழே இருந்தவை மட்டும் தப்பின.

அப்படித் தப்பியதில் ஒன்றை உங்கள் இயந்திரம் அன்று வெளியே எடுத்தது. இடுப்பளவு ஆழத்தில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் வரிசையொன்று வாவிப் பக்கமாகச் சரிந்து ஓடியது. பழைய வடிகானாகத்தான் இருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு மேசன் சொன்னார். உடைந்த மட்பாண்ட ஓடுகளும் அதனோடு வந்தன. அது ஒல்லாந்தர் காலத்தது என்று நான் சாதிக்கவில்லை. ஆங்கிலேயர் காலத்தின் பிற்பகுதியில் எவரோ தம் வளவுக்குக் கட்டியதாகவும் இருக்கலாம். பார்க்கத் தெரிந்த ஒருவர் பார்ப்பதற்கு முன்னரே, பின்னேரம் வந்த டிப்பர் வண்டி அத்தனையையும் அள்ளிக்கொண்டுபோய் எங்கோ பள்ளம் நிரப்பிவிட்டது என்பதே என் முறைப்பாடு. 1940 முதல் நடைமுறையிலுள்ள தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, நிலத்துக்கடியிலிருந்து கிடைக்கும் தொல்பொருள் அரசின் உடைமை. கண்டெடுத்தவர் அதை அறிவித்தாக வேண்டும். எங்களைப் போன்றவர் கிணறு வெட்டும்போது கிடைத்ததை மறைத்தால் நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும். ஒப்பந்தக்காரர் பள்ளம் நிரப்பினால் அது அபிவிருத்தியாகிறது.

ஒரு கிழமைக்கு முன்னர் பலகை நாட்டப்பட்டிருந்தால் இதுவும் நடந்திராது. எங்கள் நகரில் வரலாறு கற்பிப்போரும் கற்போரும் இருக்கிறார்கள்; ஒருவர் வந்து குழியோரம் நின்று படமெடுத்து அளந்து குறித்திருப்பார். வேலை அரை மணி நேரம் தாமதித்திருக்கும்.

சட்டத்தைச் சொன்னதனால் இன்னொரு சட்டத்தையும் நினைவூட்டுகிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட பெறுமதியுள்ள கருத்திட்டம் தொடங்குவதற்குக் குறைந்தது 3 மாதங்களுக்கு முன்னர், பொதுமக்களுக்கும் அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அதுபற்றிய தகவல் தெரிவிக்கப்பட வேண்டும் என்கிறது. அந்தக் கடமையைச் சட்டம் அமைச்சர்மீது சுமத்துகிறது. அமைச்சர் வந்து எங்கள் சந்தியில் பலகை நாட்டுவாரென்று எதிர்பார்க்கும் அளவுக்கு நாங்கள் பேராசை கொண்டவர்களல்லர். மூன்று மாதத்தைக்கூட நாங்கள் கேட்கவில்லை. சட்டம் தருவதில் ஏறத்தாழப் பதின்மூன்றில் ஒரு பங்கை, ஒரு கிழமையை மட்டும், தாருங்கள் என்கிறோம்.

வேலை முடிந்ததும் என்ன வரும் என்பது எங்களுக்குத் தெரியும். மெருகேற்றிய கருங்கல்லில் பொன்னிற எழுத்தில் பெயர்கள் வரும்: இன்னாரின் எண்ணக்கருவில், இன்னாரின் வழிகாட்டலில், இன்னாரின் பிரசன்னத்தில், இன்னாரால் திறந்துவைக்கப்பட்டது என்று. கால் மைல் தூரத்துக்குள் அப்படியான கற்களைப் படித்துக்கொண்டே நடக்கலாம். சில இடங்களில் கல் மட்டும் இருக்கிறது, திறந்துவைக்கப்பட்டதைத் தேட வேண்டியிருக்கிறது. முடிவில் இத்தனை பெயர்களைக் கல்லில் வெட்டுவதற்கு நிதி ஒதுக்கக்கூடிய நிர்வாகம், தொடக்கத்தில் ஒரேயொரு பெயரையும் ஒரு தொலைபேசி இலக்கத்தையும் தகரத்தில் எழுதுவதற்கு ஏன் தயங்குகிறது என்று நாங்கள் கேட்டால், அது மரியாதைக் குறைவாகாது என்று நம்புகிறேன். பெயர் இருந்தால் பொறுப்பும் வந்துவிடும் என்ற அச்சம் காரணமாயின், அதையும் ஒரு கடிதத்தில் தெரிவித்துவிடலாம், காத்திருப்பதை விட்டுவிடுவோம்.

மன்னிக்க வேண்டும். கடுமையாக எழுத வேண்டுமென்று தொடங்கிய மடலல்ல இது. உங்கள் அலுவலகத்திலும் ஆளணி குறைவென்பதையும், ஒரே உத்தியோகத்தர் பல வட்டாரங்களைப் பார்க்க வேண்டியிருப்பதையும் அறிவோம். அதனாற்றான் பாரம் கூடிய எதையும் நாங்கள் கேட்கவில்லை.

எங்கள் கோரிக்கையை மறுபடியும் பணிவுடன் முன்வைக்கிறேன். புளியந்தீவில் எந்த வீதியையும் தோண்டுவதற்கு ஒரு கிழமைக்கு முன்னர் அதன் முகப்பில் தமிழில் ஓர் அறிவித்தல் பலகை வையுங்கள். அதே அறிவித்தலின் பிரதியொன்றைக் கிராம உத்தியோகத்தரிடமும் கோயில், தேவாலய நிர்வாகங்களிடமும் கொடுங்கள். வெள்ளிக்கிழமைப் பூசையிலும் ஞாயிறு ஆராதனையிலும் அது வாசிக்கப்பட்டுவிடும். பழைய கட்டுமானம் ஏதும் தென்பட்டால், தகுதியானவர் வந்து பார்க்கும்வரை அந்த இடத்தில் மட்டும் வேலையை நிறுத்த வேண்டுமென்று ஒப்பந்தக்காரருக்கு எழுத்தில் அறிவுறுத்துங்கள்.

அடுத்த ஒழுங்கையின் முகப்பில் கடந்த திங்கட்கிழமை எவரோ வந்து சிவப்பு மையால் அம்புக்குறியும் இலக்கங்களும் போட்டுச் சென்றிருக்கிறார்கள். அது எதற்கென்று அங்குள்ளவர்கள் எங்களிடம் வந்து கேட்கிறார்கள். அந்த ஒழுங்கையில் வருகிற மாதம் ஒரு கல்யாண வீடும், படுக்கையிலிருக்கும் நோயாளர் இருவரும் இருப்பதால், முதலாவது பலகையை இந்தக் கிழமைக்குள் அங்கேயே நாட்டுமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
புளியந்தீவு வாசி ஒருவர்,
மட்டக்களப்பு.