பீப்பாய்க்குப் பீப்பாய் சோதியுங்கள்

ஆசிரியருக்கு,

புளியரை சோதனைச் சாவடி தாண்டி கேரளத்துக்குப் போகும் இருமல் சிரப்பில் நஞ்சு இருக்கிறதா என்று பாட்டிலில் சோதிப்பது கடைசிக் கட்டம். நஞ்சு நுழைவது சிரப் தயாரிக்கச் சேர்க்கும் திரவங்களான கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் பீப்பாய்களில். அந்த நஞ்சான டைஎத்திலீன் கிளைக்காலும் அவற்றைப் போலவே நிறமற்றது, இனிப்பானது; கண்ணுக்கோ நாக்குக்கோ பிடிபடாது. அந்தத் திரவங்களில் அதற்கான வரம்பு 0.1 சதவீதம்.

பத்துப் பீப்பாய் மாதிரிகளை ஒன்றாகக் கலந்து சோதிக்கும் சிக்கனம்தான் ஆபத்து. ஒன்றில் மட்டும் 0.5 சதவீதம் இருந்தால் கலவையில் அது 0.05 ஆகிவிடும், சரக்கு தேறிவிடும்.

வாயு குரோமட்டோகிராபி, மாதிரியை ஆவியாக்கி அதிலுள்ள பொருட்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் வரைபடத்தில் ஒரு முகடாகக் காட்டும் சோதனை. அதில் முகடு வரும் நேரம் நஞ்சின் நேரத்தோடு ஒத்துப்போனதை மட்டும் நம்பக் கூடாது. வேறு பொருளும் அதே நேரத்தில் வரலாம். மூலக்கூறு, அதன் துண்டுகள் ஆகியவற்றின் நிறையைக் கொண்டு பொருளை அடையாளம் காணும் நிறை நிறமாலையில் உறுதிசெய்ய வேண்டும். சிரப்பின் சர்க்கரை, கருவியின் சூடான வாயிலில் கருகிப் பொய் முகடு காட்டுவதும் உண்டு. அந்த வாயிலுக்குள் இருக்கும் லைனர் என்ற கண்ணாடிக் குழாயை அடிக்கடி மாற்றுங்கள், விலை அதிகமில்லை.

மருந்துப் பகுப்பாய்வாளர்கள்,
செங்கோட்டை