கோயில் சாவி தம்பியிடம் இருக்கிறது

சேசு மரி சூசை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். பேரனுக்கு வேர்க்குரு வாடிவிட்டதா? சந்தனத்தை இழைத்துப் பூசு, பவுடரைக் கொட்டாதே.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கெல்லாம் நான் ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். தம்பி பக்கத்தில் திண்ணையில்தான் இருந்தான். தூபக்கலசத்தையும் விளக்குகளையும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் காதில் விழும்படி அவனைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இருபத்து நாலு வயதுப் பையன் கோயில் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு எத்தனை நாள் திரிவான் என்று கேட்டாய். உன் கம்பெனியில் அவனுக்காகச் சொல்லி வைத்திருக்கிறாய், பாஸ்போர்ட் எடுத்தால் போதும் என்றாய். உன் அக்கறை எனக்குத் தெரியாதா? நம் வீட்டுக் கூரை ஓடுகளை மாற்றியதே உன் சம்பளத்தில்தான். ஆனால் நீ வந்துபோய் இரண்டு கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. அவன் இப்போது எப்படி இருக்கிறான் என்று நீ பார்க்கவில்லை. நான் பார்த்ததை எழுதுகிறேன், படித்துவிட்டுச் சொல்.

போன சவேரியார் திருநாளுக்கு மறுநாள்தான் அப்பா சாவியை அவன் கையில் கொடுத்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, மணிக்கூண்டுப் படி ஏற முடியவில்லை. நாலு மாதம் பார்த்துக்கொள் என்றுதான் சொன்னார். நாலு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. அப்பாவும் திருப்பிக் கேட்கவில்லை, அவனும் கொடுக்கவில்லை.

காலையில் 5 மணிக்கு எழுந்துவிடுகிறான். நான் எழுப்ப வேண்டியதில்லை. முதல் மணி அடித்து, கதவுகளைத் திறந்து, பலிபீடத்து விரிப்பை உதறிப் போட்டு, ரசமும் அப்பமும் எடுத்து வைப்பான். பூசை முடிந்து பூட்டிவிட்டு வந்து பழையதும் மாவடுவும் சாப்பிடுவான். அப்புறம் தேவகோட்டையில் அந்த ஜெராக்ஸ் கடை, பகல் 11 மணி வரைக்கும். கோயிலில் பன்னிரண்டு மணிக்கு அடிக்கிற மணிக்குள் சைக்கிளில் திரும்பிவிடுகிறான். 4-ஆம் தேதி கத்திரி தொடங்கியதிலிருந்து அந்த நேரத்து வெயிலில் காக்கைகூட வெளியே வருவதில்லை. ஊரணியில் கடைசிப் படி வரைக்கும் தெரிகிறது. புதிதாக ஒரு மானாமதுரைப் பானை வாங்கி மணல் மேல் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு அவனும் ஒன்று வாங்கிக் கோயில் முகப்பில் வைத்து, தினமும் தண்ணீர் ஊற்றுகிறான். பஸ்ஸுக்கு நிற்பவர்கள்கூட வந்து குடித்துவிட்டுப் போகிறார்கள்.

இந்த வெயிலில் அவனைப் படாத பாடு படுத்துவது பாஸ்கா திரிதான், அந்தப் பெரிய மெழுகுவர்த்தி. ஈஸ்டர் சாமத்தில் ஏற்றியது தூய ஆவி திருநாள் வரைக்கும் பலிபீடத்துப் பக்கம் நிற்க வேண்டும் இல்லையா? போன வாரம் மத்தியானம் போய்ப் பார்த்தால், அவ்வளவு பெரிய திரி வாழைத்தாரின் தண்டு மாதிரி வளைந்து நிற்கிறது. பதறிப்போய், ஈரத்துணி சுற்றி, கல் தரையில் படுக்கவைத்து, உருட்டி உருட்டி நிமிர்த்தினான். இப்போது தினமும் காலைப் பூசை முடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளறையில் வைக்கிறான், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துகிறான். பிள்ளையைத் தூக்குவது மாதிரித் தூக்குகிறான்.

அவனுக்கு எரிச்சலே வருவதில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் எல்லாம் சேர்ந்து இந்த மே மாதத்தில் வந்து விழுகிறது. அலங்காரம் செய்கிறவர்கள் சுண்ணாம்புச் சுவரில் டேப் ஒட்டிவிட்டு, பிடுங்கும்போது சுவரையும் சேர்த்துப் பிடுங்குகிறார்கள். வீடியோ எடுக்கிற பையன் பலிபீடத்துப் படியில் செருப்போடு ஏறியிருக்கிறான். தம்பி போய்க் கையைப் பிடித்து இறக்கிவிட்டானாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை. ஜிகினாக் காகிதத்தை ஒவ்வொன்றாக நகத்தால் தரையிலிருந்து சுரண்டிக்கொண்டிருந்தான்.

அணில் மைக் வயரைக் கடித்துவிடுகிறது. புறா இருக்கவே இருக்கிறது. மின்விசிறி உபயம் கொடுத்த வீட்டார் அது தங்கள் பக்கம்தான் சுற்ற வேண்டும் என்கிறார்கள். டியூப் லைட்டில் பாதி வெளிச்சத்தை உபயம் கொடுத்தவர் பெயரே மறைக்கிறது. சாவி வாங்கிப்போகிற பீடப்பையன்கள் அதைத் திருப்பிக் கொடுப்பதில்லை. இவற்றையெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டில் சொல்லிச் சொல்லி மனசை ஆற்றிக்கொள்கிறான். அப்பா கேட்டுக்கொண்டே இருப்பார். ‘என் காலத்தில் வவ்வால்’ என்று மட்டும் சொல்வார்.

பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது என்பதால் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டும் கூட்டம். திருப்பூர், கோயம்புத்தூர் என்று போய்விட்டவர்கள் லீவுக்கு வரும்போதுதான் கேட்பார்கள். தேதி தெரியாது. ‘பெரிய மழை பெய்த வருஷம்’ என்பார்கள். சாமியார் கையெழுத்துப் போடுவார், தேடிக் கொடுக்க வேண்டியது தம்பி. முதலில் சலித்துக்கொண்டுதான் இருந்தான். இப்போது அந்தப் பழைய பதிவேடுகள் மேல் அவனுக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது. பழைய ஏடுகள் லத்தீனில் இருக்கின்றன. சாமியாரிடம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். பிலியுஸ் என்றால் மகன், பிலியா என்றால் மகள். என் பாட்டியின் ஞானஸ்நானத்தைக் கண்டுபிடித்து என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினான், பாப்பா. பாட்டிக்குத் தன் பிறந்த தேதி தெரியாமலே போய்விட்டது. மை மங்கி, பூச்சி அரித்து, ஆனால் பெயர் தெளிவாக இருக்கிறது. நான் அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். அழகப்பா பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் வரலாறு எம்.ஏ. சேரலாமா என்று இப்போது யோசிக்கிறான். உன்னிடம் சொல்லக் கூச்சப்படுகிறான்.

துக்க மணி பற்றியும் உனக்குச் சொல்ல வேண்டும். நம் மாதா சுரூபத்துக்குச் சனிக்கிழமை தவறாமல் மல்லிகைச் சரம் கொண்டுவருவாரே, அந்தக் கிழவி, ஈஸ்டருக்கு அடுத்த வாரம் போய்ச் சேர்ந்தார். தம்பிக்கு அதுதான் முதல் துக்க மணி. பூசை மணி மாதிரி விறுவிறு என்று அடித்துவிட்டான். வீட்டில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார். கம்பை எடுத்தார். நான் தடுத்தும் கேட்கவில்லை. அந்தக் காலோடு தெருவைத் தாண்டி நடந்துபோய், மணிக்கூண்டுக்குக் கீழே நின்று கயிற்றில் அவன் கை மேல் கை வைத்தாராம். ‘ஒரு அடி அடித்தால் அந்தச் சத்தம் முழுக்க அடங்கட்டும். அப்புறம் அடுத்த அடி’ என்று மட்டும் சொன்னாராம். வீட்டு வாசலில் நின்று கேட்டேன். அடுத்த அடி எப்போது விழும் என்று ஊரே காத்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து நடந்து வந்தார்கள். அன்றைக்கு ராத்திரிதான் அப்பா என்னிடம், ‘சாவி அவனிடமே இருக்கட்டும்’ என்றார்.

அப்புறம் தரைக்கல். நீ போனில் கேட்டாயே, சாயங்காலமெல்லாம் எங்கே போகிறான் என்று. தரைக்கல் வார்க்கிற ஆத்தங்குடிக்குப் போகிறான்.

நற்கருணை வாங்க வரிசையாக வந்து நிற்போமே, பலிபீடத்துக்கு முன்னால், அந்த இடத்தில் 22 கல் உடைந்தும் தேய்ந்தும் கிடக்கிறது. சிவப்புத் தரையில் மஞ்சள் பூவும் பச்சை இலையும் போட்ட கல். நீ புது நன்மை வாங்கியபோது முழங்காலிட்ட இடம். அதைப் பெயர்த்துவிட்டுக் கடையில் விற்கிற பளபளப்பு டைல்ஸ் போட்டுவிடலாம், ஒரே நாள் வேலை என்று கமிட்டியில் பேசினார்கள். இவன் எழுந்து, நாலு மாதம் பொறுங்கள், அதே மாதிரிக் கல் நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டான். எல்லார் முன்னாலும் அவன் அப்படிப் பேசியதே எனக்கு ஆச்சரியம்.

பணம் கொடுத்து வாங்கலாம்தான். ஆனால் தானே வார்க்க வேண்டும் என்று பிடிவாதம். பட்டறையில் ஒரு பெரியவர் மனமிரங்கிச் சேர்த்துக்கொண்டார். முதல் மாதம் மணல் சலிப்பதும் கண்ணாடி துடைப்பதும்தான் வேலை. நம் வீட்டு முற்றத்தைச் சுற்றிலும் அந்தக் கல்தானே கிடக்கிறது, ஆனால் அது எப்படி உண்டாகிறது என்று எனக்கு இத்தனை வயதுக்கு மேல் அவன் சொல்லித்தான் தெரிந்தது. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்ற வேண்டும். கை நடுங்கக் கூடாது. அச்சைத் தூக்கும்போது நிறத்தோடு நிறம் கலக்கக் கூடாது. அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு கலவை போட்டு அழுத்தி மட்டம் செய்வார்கள். சூளையே கிடையாது, தண்ணீரில் ஊறித்தான் இறுகுகிறது. கடைசியில் கண்ணாடி தானாக விட்டுக்கொடுக்கும்போது முகம் பார்க்கிற மாதிரிப் பளபளப்பு. அந்த மினுமினுப்பு கண்ணாடி கொடுத்ததாம்.

நம் கோயில் பூவுக்கு அச்சு யாரிடமும் இல்லை. பட்டறை மூலையில் பழைய இரும்போடு கிடந்ததில் தேடி, கிட்டத்தட்ட ஒத்துப்போகிற ஒன்றை எடுத்து, தட்டித் தட்டிச் சரிசெய்திருக்கிறான். இதுவரைக்கும் முப்பதுக்கு மேல் வார்த்து, தேறியது 9. மற்றதில் மஞ்சள் பச்சைக்குள் ஓடிவிட்டது. கெட்டுப்போன கல்லையெல்லாம் கிணற்றடியில் கொண்டுவந்து பதித்துவிட்டான். எனக்கு அவையும் அழகாகத்தான் இருக்கின்றன. தேறிய முதல் கல்லைக் கொண்டுவந்து அப்பா மடியில் வைத்தான். அவர் வெகுநேரம் தடவிப் பார்த்தார். ‘நாற்பது வருஷம் இதன் மேல்தான் நடந்தேன். இதில் எத்தனை இதழ் என்று இன்றைக்குத்தான் எண்ணுகிறேன்’ என்றார்.

ஈஸ்டருக்குச் சருகணித் தேர் பார்க்கப் போனோம். அந்த வாரத்திலேயே இடைக்காட்டூருக்கும் கூட்டிக்கொண்டு போனான். 1894-இல் செல்லே சாமியார் கட்டிய திரு இருதயக் கோயில், உனக்கு ஞாபகம் இருக்கும், சின்ன வயதில் உயரத்தைப் பார்த்துப் பயந்து அழுதாய். நாங்கள் செபமாலை சொல்லி முடித்துத் திரும்பினால் அவனைக் காணோம். வெளியே செங்கலைத் தடவிக்கொண்டு நிற்கிறான்.

வேறு பொழுதுபோக்கே இல்லையா என்று நினைக்காதே. பக்கத்து ஊர்க் கண்மாய் வற்றி மீன்பிடித் திருவிழா வந்தது. முதல் மணி அடித்த கையோடு மீன் பிடிக்கிற ஊத்தாக் கூடையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். வெள்ளைத் துண்டு வீசியதும் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி, இரண்டு விராலும் கொஞ்சம் கெளுத்தியும் பிடித்து வந்தான். சேற்றுக் காலோடு பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணியை அடித்ததுக்குக் கமிட்டியில் ஒரு பேச்சு. அவனே போய்த் துடைத்துவிட்டான். குழம்பு நன்றாக அமைந்தது. உன்னைத்தான் நினைத்துக்கொண்டோம்.

இப்போது சாயங்காலமெல்லாம் மாதா வணக்கம். வீட்டுக்கு வீடு சுரூபம் போகிறது. வியாழக்கிழமை நம் வீட்டுக்கு வந்தது. சுண்டலும் கந்தரப்பமும் செய்தேன். 31-ஆம் தேதி சப்பரப் பவனி, அதற்கு மின்விளக்குச் சரம் கட்ட இப்போதே ஏணி தேடிக்கொண்டிருக்கிறான்.

பாப்பா, எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஜெராக்ஸ் கடைச் சம்பளமும் கோயிலில் கொடுப்பதும் சேர்ந்தால் ஒரு ஆளுக்குச் சரியாக இருக்கும். நாளைக்குப் பெண் கேட்டுப் போனால் பையன் என்ன வேலை என்றுதான் முதலில் கேட்பார்கள். ராத்திரியில் நான் அதை நினைத்துத் தூங்காமல் கிடப்பதுண்டு. ஆனால் பிளஸ் டூ முடித்ததிலிருந்து அவன் எதிலும் ஒட்டாமல், போனைப் பார்த்துக்கொண்டு, யார் கேட்டாலும் எரிந்து விழுந்துகொண்டு இருந்தானே, அந்த ஆறு வருஷம் உனக்கு மறந்திருக்காது. அப்போது நீ கூப்பிட்டிருந்தால் நானே பெட்டி கட்டி அனுப்பியிருப்பேன். இப்போது காலையில் அவன் விசில் அடித்துக்கொண்டே சைக்கிளைத் துடைக்கிறான். கிறிஸ்துமஸ் வரைக்கும் அவனை விட்டுவிடு. 22 கல்லும் பதியட்டும். நீ வரும்போது நேரில் உட்கார்ந்து பேசு. போகிறேன் என்று அவனே சொன்னால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். அதற்கு முன்னால் கம்பெனியில் அவன் பெயரை எழுதிக் கொடுத்துவிடாதே. அப்பாவுக்கும் இதுதான் எண்ணம், உன்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கூழ் வத்தலும் மிளகாய் வத்தலும் கட்டி வைத்திருக்கிறேன். மேலத்தெருவிலிருந்து மாதக் கடைசியில் ஒருவர் அங்கே கிளம்புகிறார், கொடுத்து அனுப்புகிறேன். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கோயிலைப் பூட்டிவிட்டு வர 9 மணி ஆகிறது. உனக்கு அப்போது பதினொன்றரை. அந்த நேரத்துக்குக் கூப்பிடு. எடுத்ததும் பாஸ்போர்ட்டைப் பற்றிப் பேசாதே. தண்ணீரில் போட்ட கல்லை எடுத்துவிட்டாயா, கண்ணாடி விட்டுக்கொடுத்ததா என்று கேள்.

அன்புடன்
அம்மா