ஊத்தங்கரைக்கு ஒரு கரும்பலகை வேண்டும்

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பேருந்துகளையும் பேருந்து நிலையங்களையும் கவனித்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

2024 டிசம்பர் 2 காலையை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவே புதுச்சேரி அருகே கரையைக் கடந்துவிட்டது. "கடந்துடுச்சு, இனி பயமில்லை" என்று ஊர் திரும்பக் கிளம்பியவர்கள் பலர். அதன் பிறகுதான் ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 செ.மீ. மழை கொட்டியது. நிறுத்தியிருந்த வாகனங்கள் வெள்ளத்தில் உருண்டதை நாடே பார்த்தது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். புயல் நாளிலும் அதற்கடுத்த இரண்டு நாளிலும், பேருந்து நிலையத்தில், வண்டிகளின் நேரம் குறிக்கும் டைம் கீப்பர் ஜன்னலருகே, கூரைக்கு உள்ளே, ஒரு கரும்பலகை வையுங்கள்.

தனியாகப் பயணம் செய்பவரின் நிலையைப் பாருங்கள். குடும்பமாக வந்தால் ஒருவர் பையைப் பார்த்துக்கொள்வார், ஒருவர் விசாரிக்கப் போவார், இன்னொருவர் சீட் பிடிப்பார். தனியாள் பையைத் தூக்கிக்கொண்டு விசாரணை ஜன்னலுக்குப் போய் வருவதற்குள் வண்டி நகர்ந்துவிடும். போகாமல் உட்கார்ந்தால், "ஏறுங்க, போற வரைக்கும் போகும்" என்பதுதான் பதில். அந்த 'போற வரைக்கும்' செங்கமா, திருவண்ணாமலையா, திண்டிவனமா? இறக்கிவிடப்படும் இடத்தில்தான் தெரியும். கடலோர ஊர்களில் காற்று வலுக்கும் முன்பே மின்சாரத்தை நிறுத்துவார்கள். போன் சார்ஜ் இறங்கும், ஏ.டி.எம். இயங்காது. லாட்ஜில் "சிங்கிளா? ரூம் இல்லையே" என்பார்கள். பெண் என்றால் கேள்வி இன்னும் நீளும்.

பலகையில் நான்கு கட்டம் போதும்: எந்த ஊர் வண்டி, எதுவரை போகும், திரும்ப கடைசி வண்டி எப்போது, இதை எழுதிய நேரம். நான்காவதை விட்டுவிடாதீர்கள். காலை ஆறு மணிக்கு எழுதிய "ரோடு கிளியர்" மதியம் ஆளைத் தண்ணீரில் இறக்கிவிடும். மார்க்கர் பலகை வேண்டாம், சாரலில் கலைந்துவிடும். தகவலுக்கும் தனிச் செலவில்லை. சிங்காரப்பேட்டைப் பக்கமிருந்து வந்து நிற்கும் ஒவ்வொரு கண்டக்டருக்கும் எந்தத் தரைப்பாலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று தெரியும். அவரிடம் கேட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான்.

துறைமுகங்களில் கப்பல்களுக்காகப் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். 1 முதல் 11 வரை எண்கள். 11 என்றால், வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலைக்கும் வாய்ப்புண்டு என்று அர்த்தம். கடலே இல்லாத எங்கள் பேருந்து நிலையத்தில் அந்த 11 நிரந்தரமாகத் தொங்குகிறது. இலவச வைஃபை வருகிறதாம், டிஜிட்டல் திரை வருகிறதாம். வரட்டும். மின்சாரம் போனால் திரையும் இருண்டுதான் கிடக்கும்.

கோபத்தில் இரண்டு வரி கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது கரும்பலகையும் ஒரு பெட்டி சாக்பீஸும்தான். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன், முதலில் ஊத்தங்கரையில், பிறகு கிருஷ்ணகிரியில் வைத்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஊத்தங்கரை வழித்தடப் பயணிகள்