கீரையைக் குற்றவாளியாக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீரை, காய்களில் இயல்பாகவே இருக்கும் நைட்ரேட் என்ற வேதிப்பொருளும் இரைப்பைப் புற்றுநோயும் பற்றித் தங்கள் மருத்துவப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். எச்சரிக்கை தேவைதான். ஆனால் கீரையையும் பீட்ரூட்டையும் பதப்படுத்திய இறைச்சியோடு ஒரே பட்டியலில் சேர்த்திருப்பதை ஏற்க முடியவில்லை. அதை நம்பி யாரேனும் கீரையை ஒதுக்கினால் இழப்பு அவர்களுக்குத்தான்.

நாம் உண்ணும் நைட்ரேட் ரத்தத்தில் கலந்து, அதில் ஒரு பங்கு உமிழ்நீர் வழியாக மீண்டும் வாய்க்கே வருகிறது. நாக்கில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. விழுங்கிய நைட்ரைட், இரைப்பை அமிலத்தில் அமீன்களோடு (புரத உணவில் உள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு) சேர்ந்தால், புற்றுநோயைத் தூண்டக்கூடிய நைட்ரோசமீன்கள் உருவாகலாம். ஆபத்து இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். கீரை, காய்கனிகளில் உள்ள வைட்டமின் சி அங்கே முந்திக்கொண்டு நைட்ரைட்டை நைட்ரிக் ஆக்சைடாக மாற்றி, நைட்ரோசமீன் உருவாவதைக் குறைத்துவிடுகிறது. பதப்படுத்திய இறைச்சியில் பெரும்பாலும் நைட்ரைட்டையே நேரடியாகச் சேர்க்கிறார்கள். அமீன்களும் அதிலேயே இருக்கின்றன. போதாக்குறைக்கு இந்த வினையைத் தூண்டிவிடும் ஹீம் இரும்பும் (இறைச்சியின் சிவப்பு நிறமியில் உள்ள இரும்பு) உண்டு. இரண்டும் எப்படி ஒன்றாகும்? சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2010இல் வெளியிட்ட அறிக்கைகூட, உடலுக்குள் நைட்ரோசமீன் போன்ற நைட்ரோசோ சேர்மங்கள் உருவாகும் சூழலில் மட்டுமே நைட்ரேட்டையும் நைட்ரைட்டையும் சந்தேகிக்கிறது. கட்டுரையாளர் அந்த நிபந்தனையை விட்டுவிட்டார்.

உப்பையும் மறந்துவிடக் கூடாது. மிகுதியான உப்பு இரைப்பையின் உட்படலத்தைப் புண்ணாக்கி, இரைப்பையில் தங்கிவிடும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாக் கிருமியின் தாக்கத்தைக் கூட்டுகிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு சேர்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

என்னை மிகவும் வருத்தியது வேறு. இரைப்பைப் புற்றுநோய்களில் பெரும்பான்மைக்கு அடிப்படையான அந்தக் கிருமியின் பெயரே கட்டுரையில் இல்லை! அதே முகமை 1994இலேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. மூச்சுப் பரிசோதனையில் கண்டுபிடித்து மருந்தால் ஒழிக்கக்கூடிய கிருமி அது. நாள்பட்ட வயிற்று எரிச்சலோடு காலம் தள்ளுபவருக்கும், குடும்பத்தில் இந்நோய் கண்டவருக்கும் உணவுப் பட்டியலைவிட அந்தத் தகவல்தான் அவசரத் தேவை.

முடிவில், செல்களைச் சிதைவிலிருந்து காப்பதாகச் சொல்லப்படும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளை வேறு பரிந்துரைத்திருக்கிறீர்கள். ஃபின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை கொடுத்து நடத்திய ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் கூடியதே தவிரக் குறையவில்லை. அந்த முடிவு வெளியானதும் 1994இல்தான். காய்கனியில் இருப்பதை மாத்திரையில் அடைத்தால் அதே பலன் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அடுத்த இதழிலேயே கீரை பற்றிய திருத்தத்தையும், பைலோரி பரிசோதனையை யார் செய்துகொள்ள வேண்டும் என்பதற்கு ஓர் இரைப்பை மருத்துவரின் விளக்கத்தையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்