பாய்லர் ரூம்காரர்கள் சொல்வதையும் பதிவு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 ஆகஸ்ட் 26 அன்று விசாகப்பட்டினத்தில் ‘ஹிம்கிரி’, ‘உதயகிரி’ என்னும் இரண்டு ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல்கள் கடற்படையில் சேர்ந்த செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். பழைய ஹிம்கிரியின் பாய்லர் ரூமில் 1983 முதல் மூன்று வருடம் வேலை பார்த்தவன் நான்.

1974-ல் கடற்படையில் சேர்ந்து 2005-ல் ஓய்வுபெற்ற அந்தக் கப்பல் நீராவியில் ஓடியது. புதிய ஹிம்கிரி டீசலிலும் கேஸ் டர்பைனிலும் ஓடுகிறது. அதில் பாய்லரே கிடையாது. பெயர் திரும்பி வந்துவிட்டது, எங்கள் வேலை திரும்பி வராது.

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். நாலு மணி நேரம் ஒரு வாட்ச், அதாவது ஒரு முறை வேலை. பாய்லரில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாயை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. புகை கறுத்தால் காற்றுப் போதவில்லை, வெளுத்தால் காற்று அதிகம். இரண்டுமே எதிரிக்கு நம் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். கடல் தண்ணீரைக் காய்ச்சி எடுக்கும் நல்ல தண்ணீர் முதலில் பாய்லருக்கு, மிச்சம்தான் மனிதனுக்கு. உப்புத் தண்ணீர் ஊரில் பிறந்த எனக்கு ஒரு வாளித் தண்ணீரில் குளிப்பது பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் அரபிக் கடல் என்னைச் சாய்த்துவிட்டது. அப்பாவோடு வல்லம் என்னும் மீன்பிடிப் படகில் போகும்போது வருகிற அலை கண்ணுக்குத் தெரியும், உடம்பு தன்னால் அதற்கு வளைந்து கொடுக்கும். பாய்லர் ரூமில் அலை தெரியாது. இரும்புத் தரை மட்டும் சாயும், பிடித்துக்கொள்ளும் கம்பியும் சுடும். முதல் வாரம் முழுக்க வாந்திதான்.

மும்பையிலிருந்து விசாகப்பட்டினம் போகும்போது இலங்கையைச் சுற்றித்தான் போவோம். பாம்பன் கால்வாயில் அவ்வளவு பெரிய கப்பலுக்கு ஆழம் போதாது. சின்ன வயதில் பாம்பன் தூக்குப் பாலம் திறக்கும்போதெல்லாம் கரையில் நின்று கப்பல் பார்த்தவன் நான். என் கப்பலை அம்மாவுக்கு அந்த வழியில் காட்ட முடியவில்லையே என்பது இன்றும் மனதில் இருக்கிறது.

இந்தக் கரையில் என்னைப் போல நாலைந்து பேர் இருந்தோம். சிக்னல் பிரிவில் இருந்த தொண்டிக்காரர் போன தை மாதம் காலமாகிவிட்டார். இரவில் விளக்கைச் சிமிட்டியே அடுத்த கப்பலோடு பேசுவதை அவர் விரலால் மேசையில் தட்டிக் காட்டுவார். அதை யாரும் எழுதி வைக்கவில்லை, நானும் எழுதவில்லை. அது என் தவறு.

உச்சிப்புளியில் ‘ஐஎன்எஸ் பருந்து’ கடற்படை விமானதளம் இருக்கிறது. ராமநாதபுரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் மாவட்ட நூலகமும் இருக்கின்றன. மூவரும் சேர்ந்து, மாவட்டத்தில் இருக்கும் முன்னாள் கடற்படையினரை ஒரு நாள் அழைத்து உட்கார வைத்து, சொல்வதைக் குரலில் பதிவு செய்ய வேண்டும். பேச்சுவழக்கிலேயே பதியட்டும், திருத்த வேண்டாம். அழைத்தால் பாம்பனிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். மண்டபத்தில் இருக்கும் என் கப்பல் தோழருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. அவரையும் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடற்படை வீரர்,
பாம்பன்.