களப்பயிற்சியை நிறுத்த வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நெல் சாகுபடிப் பயிற்சிகளையும் கருத்தரங்குகளையும் இனி முழுக்க இணையவழியிலேயே நடத்தப்போவதாக எங்கள் பக்கம் பேச்சு அடிபடுகிறது. கொரோனா ஊரடங்கில் வேறு வழியில்லாமல் தொடங்கிய ஏற்பாடு, செலவு மிச்சமாகிறது என்பதால் அப்படியே நிலைத்துவிடுமோ என்று கவலையாக இருக்கிறது. நீடாமங்கலம் வட்டத்தில் ஒன்பது மா, அதாவது ஏறத்தாழ மூன்று ஏக்கர் நிலத்தில் நெல் போடுகிறவள் நான். இதைப் பற்றி எங்களைப் போன்றவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இணையவழிப் பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வருவதற்கு முன், பயிற்சி என்றால் வீட்டு ஆண்கள்தான் போவார்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கோ கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கோ நாங்கள் கிளம்பினால் மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது, பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது? நாற்றுப் பறிப்பதும் களை எடுப்பதும் நாங்கள், பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் அவர்களுடையது. கைபேசியில் வகுப்பு வந்த பிறகுதான் வேளாண்மைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பேசுவதை வீட்டில் இருந்தபடியே கேட்க எங்களுக்கு வாய்த்தது. கூச்சம் விட்டுக் கேள்வியும் கேட்டோம். இந்த வசதியை யாரும் எங்களிடமிருந்து பறிக்கக் கூடாது.

சில பாடங்களுக்குக் கைபேசியே போதும். உப்புக் கரைசலில் விதை தேர்வு செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் முட்டையைப் போட்டு, அது மிதந்து மேல்பகுதி நாலணா அகலத்துக்குத் தெரியும்வரை உப்பைக் கரைக்க வேண்டும். விதையைக் கொட்டினால் பதர் மேலே வரும், தரமான நெல் அடியில் தங்கும். அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட வேண்டும். காணொளியில் ஒரு தடவை பார்த்தால் யாரும் செய்துவிடலாம். தொலைவில் இருந்து கற்பது எங்கள் காவிரி டெல்டாவுக்குப் புதிதும் இல்லை. 1960களில் ஆடுதுறை 27 ரகத்தைத் திருச்சி வானொலி ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது. அதை ‘ரேடியோ நெல்’ என்றே அப்போது அழைத்தார்கள். ஆனால் வானொலி மட்டும் அந்த வேலையைச் செய்துவிடவில்லை. அதே காலத்தில் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண் திட்டம் நடந்துகொண்டிருந்தது. செயல்விளக்கத் திடல்கள் இருந்தன. காதில் கேட்டதை வரப்பில் நின்று கண்ணால் பார்த்த பிறகுதான் விவசாயி விதையை மாற்றினார்.

இப்போது பேச்சு மட்டும் இருக்கும், திடல் இருக்காது என்கிறார்கள். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பயிருக்கு எப்போது யூரியா போடுவது என்று காட்டும் இலை வண்ண அட்டையை வைத்தே சொல்கிறேன். நட்ட பதினான்காம் நாளிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை, பத்து இடங்களில், மேலே முழுதாக விரிந்த இலையை அட்டையில் உள்ள எண்ணிட்ட பச்சைப் பட்டைகளோடு ஒப்பிட வேண்டும். காலை வேளையில், வெயில் நேரே இலையில் படாமல் நம் உடம்பால் நிழல் கொடுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு அளவு எண் 3, மற்ற ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு இலையாவது அதற்குக் கீழே இருந்தால்தான் யூரியா. இந்தப் பாடம் முழுக்கப் பச்சைக்கும் பச்சைக்கும் உள்ள வித்தியாசம்தான். அதைக் கைபேசியில் காட்டினால் என்ன ஆகும்? என் திரையில் ஒரு பச்சை, பக்கத்து வீட்டு அக்கா திரையில் வேறொரு பச்சை. வெளிச்சத்தைக் கூட்டினால் மூன்றும் நான்கும் ஒன்றாகிவிடுகின்றன. வகுப்பு முடிந்ததும் ‘புரிந்ததா’ என்று கேட்டார்கள், எல்லோரும் ‘புரிந்தது’ என்றோம். அடுத்த வாரம் வயலில் இறங்கினால், ஒரே இலைக்கு ஆளுக்கொரு எண் சொன்னோம். உதவி வேளாண்மை அலுவலர் ஒரு நாள் எங்களோடு நின்று, ‘இப்படித் திரும்புங்கள், நிழலில் வையுங்கள்’ என்று கையைப் பிடித்துக் காட்டியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

யூரியாவைக் கண்மூடிக் கூட்டினால் புகையான் பூச்சிக்குக் கொண்டாட்டம். அது தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே அண்டிக்கிடக்கும். குனிந்து தூரை விலக்கி, தட்டிப் பார்த்தால்தான் தெரியும். போன சம்பா பருவத்தில் ஒரு இணையக் கூட்டத்தில் எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் தன் வயலைக் காட்டினார். ‘அடித்தூரைக் காட்டுங்கள் அம்மா’ என்றார் பேசிக்கொண்டிருந்த அதிகாரி. ஒரு கையில் கைபேசி, மறு கையில் பயிர், காலுக்குக் கீழே சேறு. படம் ஆடியது, பிறகு அப்படியே நின்றுவிட்டது. ‘நேரில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்’ என்றார் அவர். நேர்மையான பதில். ஆனால் நேரில் பார்க்க யாரும் வரவில்லை.

கருத்தரங்குகள் விஷயத்திலும் எனக்குக் குறை உண்டு. அங்கே மேடைப் பேச்சைவிட டீ குடிக்கும் நேரத்தில் நடக்கும் பேச்சில்தான் விஷயம் கிடைக்கும். ‘உங்கள் ஊரில் தண்ணீர் வடிய எத்தனை நாளாச்சு, எந்த ரகம் தாங்கியது’ என்று வேதாரண்யத்துக்காரரிடம் மன்னார்குடிக்காரர் கேட்பார். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் மறைந்த நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் பாரம்பரிய விதை இரண்டு கிலோ கொடுப்பார்கள், அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அப்படித்தான் அழியவிருந்த ரகங்கள் ஊர்களுக்குள் மீண்டும் பரவின. கைக்குக் கை மாறும் இந்த வேலையை எந்தச் செயலியாலும் செய்ய முடியாது.

நேரடிப் பயிற்சியிலும் கோளாறு உண்டு, மறுக்கவில்லை. வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை என்று முற்பகல் கழிந்துவிடும். வயலுக்குப் போகும்போது உச்சி வெயில். சிக்கனம் பிடிக்க வேண்டுமானால் அங்கே பிடியுங்கள். இணையவழியில் ‘இத்தனை பேர் இணைந்தார்கள்’ என்று கணக்கு எழுதுவதையும் நம்பிவிடக் கூடாது. இணைந்துவிட்டுக் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. இலவச ஜூம் கணக்கில் நடக்கும் கூட்டம் நாற்பது நிமிடத்தில் அறுந்துவிடும், மறுபடி சேர்கிறவர்கள் பாதிப் பேர்தான். நடவுக்கும் களைக்கும் வருகிற கூலிப் பெண்கள் பலரிடம் அந்த மாதிரிக் கைபேசியே கிடையாது. மருந்து தெளிக்கிற ஆளுக்குப் போகாத பயிற்சியால் யாருக்கு என்ன பயன்?

எங்கள் கோரிக்கை பெரிதில்லை. பேச்சைக் கைபேசியிலேயே வையுங்கள், ஆனால் பகல் பதினொரு மணிக்கு வேண்டாம், அப்போது நாங்கள் வயலில் இருப்போம். இரவு ஏழு மணிக்கு வையுங்கள். கூட்டுறவுக் கடன் சங்கக் கட்டடத்திலோ ஊராட்சி சேவை மையத்திலோ பெரிய திரையில் போட்டால் கைபேசி இல்லாதவர்களும் உட்கார்ந்து கேட்பார்கள். பதிவு செய்து வைத்தால் விட்டுப்போனவர்கள் பிறகு பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பேச்சு முடிந்து பத்து நாளுக்குள், வட்டாரத்துக்கு ஒரு வயலில், அரை நாள் களப்பயிற்சி வைக்க வேண்டும். மேடையும் சாப்பாடும் வேண்டாம். வண்ண அட்டையை ஆளுக்கு ஒன்று கையில் கொடுத்தால் போதும். மண்டபம், பேருந்துச் செலவில் மிச்சமாகும் பணத்தை இதற்கே ஒதுக்கலாம்.

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். தண்ணீர் கடைமடைக்கு வந்துவிட்டால் யாருக்கும் பயிற்சிக்கு நேரம் இருக்காது. ஆகவே குறுவைப் பருவத்துக்கான களப்பயிற்சித் தேதிகளை மே மாதத்துக்குள் அறிவிக்குமாறு வேளாண்மைத் துறையைத் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பெண் விவசாயி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.