தோட்டத்து வரலாற்றுக்கு ஒரு தேசிய அருங்காட்சியகம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசிய இந்தியர்களுக்கென ஒரு தேசிய அருங்காட்சியகத்தைத் திட்டமிடுவோர், கட்டடத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதில் எதை வைப்பது என்பதை முடிவுசெய்ய வேண்டும். 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்த பிறகும் ஆள்சேர்த்து அழைத்துவந்த கங்காணிகள் வழியாக மலாயாவுக்கு வந்தவர்கள், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள், 1942-43-இல் ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாமலே போனவர்கள் ஆகியோரின் கதைகளில் பெரும்பகுதி அவர்களுடைய பிள்ளைகளின் வாய்மொழியில்தான் மிஞ்சியிருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கும் வயதாகிவிட்டதால், முதல் செலவு ஒலிப்பதிவுக்கே ஆகட்டும்.

என் தாயார் பால்மரம் எனும் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய உளி இன்றும் என்னிடம் உள்ளது. அவர் பிடித்த இடத்தில் கைப்பிடி ஒரு பக்கமாகத் தேய்ந்து வழவழப்பாகியிருக்கிறது. இத்தகைய உளிகளும் பால் பிடிக்கும் மங்குகளும் பால் வாளிகளும், ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் விற்கப்பட்டபோது, தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த லயன் வீடுகளோடு சேர்ந்து மண்ணாயின. எஞ்சியவற்றை, கொடுப்பவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் குறித்து, இப்போதே வாங்கிப் பதிவுசெய்ய வேண்டும். ரயில்வேயில் வேலைபார்த்த யாழ்ப்பாணத் தமிழர், தெலுங்கர், மலையாளிகள், சீக்கியர் ஆகியோருக்கும் அங்கே உரிய இடம் வேண்டும்.

இந்த அருங்காட்சியகத்தைப் பழைய தோட்டம் ஒன்றிலேயே, காலையில் ஆள்கணக்கு எடுத்த பெரட்டுக் களமும் லயனும் இருந்த நிலத்தில் அமைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் தாயாரின் உளியை முதல் ஆளாகக் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்தில் பிறந்த வாசகர், கிள்ளான்